ஏற்றத்தில் அறுந்துபோகும் பாட்டு

இலங்கை மலையகத்தில் வண்டி ஓட்டி ஏறும்போது, கம்பளையில் வானொலிப் பாட்டு நன்றாகத்தான் தொடங்கும். புசல்லாவை தாண்டினால் எஃப்.எம். இரைய ஆரம்பித்துவிடும். றம்பொடையில் ஒரு வளைவுக்குத் தமிழ்ப் பாட்டு, அடுத்த வளைவுக்குச் சிங்களச் செய்தி, அப்புறம் வெறும் கொர்ர்ர். சரி, எஃப்.எம். அலைக்கு மலை குறுக்கே நின்றால் வழியில்லை. அதன் மேல் எனக்குக் கோபமில்லை.

மாசாமாசம் காசு வெட்டுகிற பாட்டு ஆப்தான் வயிற்றெரிச்சல். லபுக்கலை தேயிலை மலைக்கு நடுவே திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கும். முன்கூட்டியே இறக்கி வை என்கிறார்கள். வைத்தேனே! போன வாரம் நடு ஏற்றத்தில், இணையத்தில் திரும்ப உறுதிப்படுத்து என்று சொல்லி 60 பாட்டையும் பூட்டிவிட்டது. கொண்டை ஊசி வளைவில் ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் போனா?

கனடாவில் இருக்கும் மாமா செயற்கைக்கோள் வானொலிக்குச் சந்தா கட்டுகிறார். நீளமான சுரங்கப்பாதைக்குள் அதுவும் ஊமையாகிவிடுமாம்.

இப்போது பழைய 4 ஜிபி பென் டிரைவ்தான். மூடி தொலைந்து, ரப்பர் பேண்ட் சுற்றியது. பனி இறங்கி முன்கண்ணாடி வெளுத்த நேரத்திலும் இளையராஜா ஒரு நொடி தடுமாறவில்லை. இந்த மாதச் சந்தாவை நிறுத்திவிட்டேன்.