'ஓல்ட் ஸ்கூல்' நகல் இல்லை

'ஹேங்ஓவர்' என்ற ஹாலிவுட் நகைச்சுவைப் படம் ஓடியதைப் பார்த்து அவசரமாக எடுத்த நகல்தான் 'ஓல்ட் ஸ்கூல்' படம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வரிசையே தலைகீழ். 'ஓல்ட் ஸ்கூல்' வந்தது 2003-ல், 'ஹேங்ஓவர்' 2009-ல். இரண்டையும் இயக்கியவர் டாட் பிலிப்ஸ்.

கதையும் வேறு. 'ஓல்ட் ஸ்கூல்' நாயகன் லூக் வில்சன் குடியேறும் வீடு கல்லூரியை ஒட்டியது. அது கல்லூரிப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று சொல்லி டீன் காலி செய்யச் சொல்கிறார். வீட்டைக் காப்பாற்றத்தான் நண்பர்கள் மாணவர் சங்கம் தொடங்கி, வயது பார்க்காமல் ஆள் சேர்க்கிறார்கள். தள்ளாத வயதில் இருக்கும் புளூ என்பவர்கூட அதில் உறுப்பினர்!

போன வாரம் மறுபடி பார்த்தேன். புதிதாகக் கல்யாணமான நண்பராக வரும் வில் ஃபெரல், பியர் உள்ளே போனதும் பழைய ஆளாக மாறும் இடத்தில் சிரிப்போடு பரிதாபமும் வந்தது. 'ஹேங்ஓவர்' எனக்கு அந்தப் பரிதாபத்தைத் தரவில்லை.