வெயில் ஹாலுக்கு, ஓதம் அடுப்படிக்கு

மலையில் வீடு கட்டுகிறவர்கள் சமையலறையை மட்டும் ஏன் தண்டனை அறையாகக் கட்டுகிறார்கள் என்ற கேள்விக்கு இன்றுவரை யாரும் எனக்கு நேர்மையான பதில் சொல்லவில்லை. குன்னூரில் வாடகைக்கு வீடு தேடியபோது பார்த்தவற்றில் பெரும்பாலானவை ஒரே அச்சில்தான் இருந்தன. சாலையைப் பார்த்த பக்கத்தில் பெரிய கண்ணாடி ஜன்னல்களுடன் ஹால், அதன் வழியே தேயிலைச் சரிவும் காலை வெயிலும்; பின்புறத்தில் மலையை வெட்டிய இடத்தில் எழுப்பிய கருங்கல் தடுப்புச் சுவர், அதற்கும் வீட்டுக்கும் இடையே ஓர் ஆள் ஒருக்களித்து நுழையும் அளவுக்குச் சந்து, அந்தச் சந்தைப் பார்த்தபடி சமையலறை. பகலில் ஆளே இல்லாத ஹாலுக்கு அத்தனை வெளிச்சம். விடியற்காலையிலிருந்து ஒருவர் கால்கடுக்க நிற்கும் அடுப்படிக்கு நண்பகலிலும் விளக்குப் போட்டாக வேண்டும்.

இப்போது நாங்கள் இருக்கும் வீடும் அப்படிப்பட்டதே. சமையல் மேடை கறுப்புக் கிரானைட், மேடைக்கு மேலே இடுப்புயரத்துக்கு அடர்பழுப்பு டைல்ஸ், அதற்கும் மேலே பரணின் நிழல். அறைக்கு என்று இருக்கும் ஒரே டியூப்லைட், மேடைக்கு எதிர்ச்சுவரில், அதாவது சமைப்பவரின் முதுகுக்குப் பின்னால் மாட்டப்பட்டிருந்தது. இதை மாட்டியவர் ஒரு நாளாவது அந்த மேடையில் நின்று வெங்காயம் நறுக்கியிருந்தால் இப்படிச் செய்திருக்க மாட்டார். விளக்கு பின்னால் இருந்தால் நம் தலையின் நிழலும் தோளின் நிழலும் நேராக நறுக்கும் பலகையின் மேலேயே விழும்; காலிஃபிளவரின் இடுக்கில் இருக்கும் புழு தெரியாது, கீரையில் ஒட்டிய மண் தெரியாது, கத்தி விரலை நெருங்குவதும் தெரியாது. அறுபதைத் தாண்டிய என் அம்மா அரிசியைக் களைவதற்கு முன்னால் முறத்தோடு ஹால் ஜன்னலுக்குப் போய்க் கல் பார்த்துவிட்டு வருகிறார். சமையலறை என்று ஒன்று இருக்கும் வீட்டில் அரிசியில் கல் பார்ப்பதற்கு ஹாலுக்குப் போக வேண்டியிருக்கிறது என்பதைச் சொல்லும்போதே எனக்கு ஆத்திரம் வருகிறது.

குளிரைப் பற்றி இன்னும் விரிவாகச் சொல்லியாக வேண்டும். குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. அக்டோபரில் தொடங்கும் மழை மலைமண்ணில் ஊறித் தடுப்புச் சுவரின் வழியே கசிந்து, சந்தில் தேங்கி, எங்கள் தெற்குச் சுவரில் ஓதமாக ஏறுகிறது. தடுப்புச் சுவரில் நீர் வெளியேறுவதற்கான துளைகளும் சந்தில் ஒழுங்கான ஒரு வடிகாலும் வைத்திருந்தால் இதில் பாதித் தொல்லை வந்திருக்காது. ஈரச் சுவர் காய்ந்த சுவரைவிட வேகமாக வெப்பத்தைக் கடத்திவிடும். அந்த ஈரம் ஆவியாகும்போது சுவர் மேலும் குளிரும். அதன் பக்கத்தில் நிற்பவரின் உடல் வெப்பம் அந்தச் சுவரை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். அறைக்குள் இருக்கும் காற்று அவ்வளவு குளிராக இல்லாதபோதும் எலும்புவரை நடுங்குவதற்குக் காரணம் இதுதான். உப்பு ஜாடி நீர் விட்டுக் கிடக்கிறது, தேங்காயெண்ணெய் உறைந்து போத்தலைவிட்டு இறங்க மறுக்கிறது, இரவு கரைத்து வைத்த இட்லி மாவு மறுநாள் மதியமானாலும் பொங்குவதில்லை.

இந்த நிலையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு அடுப்பெரித்தால் அறை சூடாகிவிடும் என்று சொல்கிறவர்கள் ஒரு கணக்கைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ நீராவி உண்டாகிறது. அப்படியானால் 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீர்வதற்குள் இருபது லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீர் அந்தக் காற்றில் கலந்துவிடுகிறது. சோறு கொதிக்கும் ஆவியும் குக்கர் விடும் ஆவியும் தனி. வெளியே போக வழியில்லாத அந்த நீராவி முழுவதும் குளிர்ந்த சுவரில் படிந்து வழிகிறது, பரணின் அடியில் கரும்பூஞ்சையாக வளர்கிறது. எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தால் இருக்கிற சூடும் போய்விடும் என்று அதைத் தவிர்ப்பது தவறு; சமைக்கும் நேரத்திலும் முடித்த பின் சற்று நேரமும் ஓடினால் சுவர் காயும், சுவர் காய்ந்தால்தான் அறையின் குளிர் குறையும். சிலர் கரிச்சட்டியை உள்ளே வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். பூட்டிய அறையில் கரிக் கணப்பு மூட்டியவர்கள் கார்பன் மோனாக்சைடு நச்சால் உயிரிழந்த செய்திகள் மலையூர்களிலிருந்து வந்த பிறகும் இந்த யோசனையைக் கூசாமல் சொல்வதற்கு எப்படித்தான் மனம் வருகிறதோ!

வீட்டுக்கு வருகிறவர்களின் ஆலோசனைகள் வேறு. மஞ்சள் பெயின்ட் அடியுங்கள், பூப்போட்ட திரை போடுங்கள், மேடையில் ஒரு மணிபிளான்ட் வையுங்கள் என்கிறார்கள். ஓதம் ஏறிய சுவரின் மேல் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றி, அடுத்த மழைக்குள் கொப்புளம் கொப்புளமாக உரிந்து குழம்புச் சட்டிக்குள் விழும். நாங்கள் பழைய பூச்சைச் சுரண்டிவிட்டு வெள்ளைச் சுண்ணாம்புதான் அடித்தோம். அது ஈரத்தை மூச்சுவிட விடுகிறது, விழுந்த வெளிச்சத்தையும் விழுங்காமல் திருப்பித் தருகிறது. பரணின் முன்விளிம்புக்கு அடியில், அதாவது சமைப்பவரின் கைகளுக்கு நேர்மேலே, நீளமான எல்.இ.டி. பட்டை ஒன்றைப் பொருத்தினோம். கடையில் கேட்காமலே எடுத்துத் தந்தது 6500 கெல்வின், அதாவது நீலம் கலந்த வெள்ளொளி தரும் விளக்கு. ஏற்கெனவே நீலம் பாரித்துக் கிடக்கும் அறையை அது மருத்துவமனைத் தாழ்வாரமாக்கிவிடும். இளமஞ்சள் ஒளி தரும் 3000 கெல்வின் வேண்டும் என்று வற்புறுத்தி வாங்கினோம். அந்த ஒரு விளக்குதான் அறையின் முகத்தையே மாற்றியது. மஞ்சள் மஞ்சளாகவும் கொத்தமல்லி பச்சையாகவும் தெரிகின்றன. காலுக்கடியில் தரையைத் தொடாதபடி மரப்பலகை ஒன்றைப் போட்டதில் அம்மாவின் முழங்கால் வலியும் கொஞ்சம் தணிந்திருக்கிறது.

ஆனால் வாடகைக்கு இருப்பவர்கள் தங்கள் கைக்காசைப் போட்டு இதையெல்லாம் ஏன் செய்ய வேண்டும்? வீட்டு உரிமையாளரிடம் கேட்டால், சமையலறையை முறைப்படி அக்னி மூலையில்தான் வைத்திருக்கிறேன் என்கிறார். மூலை தென்கிழக்குத்தான், மறுக்கவில்லை. தெற்கே மலைச்சுவர் மறைக்கிறது. கிழக்கே தடையே இல்லாத திறந்தவெளி, காலையில் முதல் வெயில் வந்து விழுகிற பக்கம். அந்தக் கிழக்குச் சுவரில் ஹாலுக்கு ஆளுயர ஜன்னல் இருக்கிறது, சமையலறைக்கு ஒரு துளைகூட இல்லை! அக்னி மூலையைப் பார்த்தவர் அந்த அக்னி உள்ளே வருவதற்கு வழி விட்டாரா? சமையலறைக்கு ஒரு சதுர மீட்டருக்குக் குறையாத ஜன்னல் வேண்டும், அதுவும் திறந்தவெளியை நோக்கியே இருக்க வேண்டும், சுவர்கள் சூழ்ந்த ஒடுங்கிய காற்றுக்குழியை நோக்கி இருக்கக் கூடாது என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்கிறது. எங்களுக்கு வாய்த்திருப்பது சந்தைப் பார்த்த, இரண்டடிக்கு ஒன்றரையடி ஜன்னல். கணக்குப் பார்த்தால் கால் சதுர மீட்டரைச் சற்றே தாண்டும்.

கிழக்குச் சுவரைத் திறந்து ஜன்னல் வைக்கும் செலவில் பாதியை நாங்களே ஏற்பதாகச் சொல்லிவிட்டோம். மேஸ்திரி வந்து பார்த்து, ஜன்னலுக்கு மேல் சுமை தாங்கும் லிண்டல் போட்டுத் தாராளமாகத் திறக்கலாம் என்றும் சொல்லிவிட்டார். உரிமையாளர் சொல்லும் ஒரே தடை, வெளியிலிருந்து பார்த்தால் எலிவேஷன், அதாவது வீட்டின் வெளித்தோற்றம், கெட்டுவிடும் என்பது. சாலையில் போகிறவர் அரை நிமிடம் பார்க்கும் அழகுக்காக, உள்ளே நிற்பவர் ஆண்டு முழுவதும் இருட்டிலும் ஈரத்திலும் வேக வேண்டுமா? ஒப்பந்தம் புதுப்பிக்கும் நாள் நெருங்குகிறது. கிழக்கு ஜன்னலும் பின்சந்து வடிகாலும் எழுத்தில் வராமல் இந்த முறை நாங்கள் கையெழுத்துப் போடப் போவதில்லை.