கருவாட்டுக் கூடைக்கும் கரண்ட் பஸ் வேண்டும்தான்

அந்த வாட்ஸ்அப் குழுவில் வந்த பதிலை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஸ்கிரீன்ஷாட் ஊரெல்லாம் சுற்றுகிறது. "கருவாட்டுக் கூடை ஏறுற பஸ்ஸுக்கு கரண்ட் வண்டி கேக்குதாக்கும்!" நான் கேட்டது ஒன்றுதான்: ராமேஸ்வரம் பக்கம் ஓடுகிற டவுன் பஸ்களில் சிலவற்றையாவது மின்சாரத்துக்கு மாற்றுங்கள். சந்திரனுக்கு பஸ் விடச் சொல்லவில்லை.

சென்னையில் 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து படி உயரமில்லாத 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகளை விட்டார்கள். சந்தோஷம். ஒருமுறை சார்ஜ் போட்டால் சுமார் 200 கிலோமீட்டர் ஓடும் என்றார்கள். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போய்த் திரும்பினாலே சுமார் 110தான். அப்புறம் என்ன?

உப்புக்காற்றில் துருப்பிடிக்குமாம். சென்னையில் மட்டும் கடல் இல்லையா? டீசல் வண்டியை மட்டும் உப்பு விட்டுவைக்கிறதா? கரண்டே நிலக்கரியில் வருகிறதே என்பார்கள். வருகிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் 2016லேயே 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தது நம் ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில்தான். வெயில் நம்முடையது, வண்டி மட்டும் பெரிய ஊருக்கா? ராத்திரி சார்ஜ் போடும்போது சூரியன் இருக்காதே என்று ஒரு புத்திசாலி வருவார். மத்தியானம் போடுங்கள் ஐயா. விலை அதிகம்? அதிகம்தான். சென்னையில் தனியார் நிறுவனம் வண்டியை ஓட்டுகிறது, மாநகர் போக்குவரத்துக் கழகம் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கொடுக்கிறது. அந்த வழி இங்கே ஏன் ஆகாது?

என் அத்தை பாம்பனிலிருந்து ராமநாதபுரம் சந்தைக்குக் கருவாடு கொண்டுபோனவர். படி உயரம், கூடையை முதலில் மேலே தள்ளிவிட்டு, கம்பியைப் பிடித்துத் தொங்கித்தான் ஏறுவார். இடம் எப்போதும் கடைசி சீட். அங்கே ஜன்னல் கண்ணாடி கிடையாது. பாலத்தில் காற்று திருப்பி அடிக்கும்போது புகை மொத்தமும் உள்ளே வரும், கூடைமேல் மூடிய வெள்ளைச் சாக்கில் கரி படியும். பஸ்ஸில் எல்லோரும் அவர் கூடைக்காக மூக்கைப் பொத்துவார்கள். அவர் புகைக்காக முந்தானையால் பொத்திக்கொள்வார். "எறங்கி அடுத்த வண்டியில வாம்மா" என்று நடத்துநர்கள் சொன்னதும் உண்டு. தாழ்தள வண்டி என்றால் உங்களுக்கு சொகுசு. அவருக்கு அது முழங்கால்.

"எல்லாத்தையும் சாதி, தொழில்னு இழுக்காதீங்க" என்று எழுதத் தயாராக இருப்பவர்களுக்கு: கருவாட்டை இழுத்தது நான் இல்லை. பஸ் புகையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பதிலுக்குச் சிரிப்புப் பொம்மை போட்டவர்களில் என் சொந்தக்காரர்கள் மூன்று பேர். அத்தை கையால் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டவர்கள். சரி, கல்யாணப் பத்திரிகை வைக்க வருவீர்கள் அல்லவா, அப்போது பேசிக்கொள்வோம்.