ஆல்பம் எடுக்கும் தம்பிகளே, நாலு பேரும் ஒரே அறையில் நின்று வாசியுங்கள்

பாண்டியில் பேண்ட் வைத்திருக்கும் தம்பிகள் நிறையப் பேர் இப்போது ஆல்பம் வேலையில் இறங்கியிருக்கிறார்கள். அனுப்பி வைக்கும் பாட்டுகளையெல்லாம் கேட்கிறேன். சுருதி சரி, தாளம் சரி, மிக்ஸிங் படு சுத்தம். ஆனால் ஜூன் 21 இசைத் திருவிழாவில் இதே பையன்கள் வாசித்தபோது இருந்த சூடு இதில் இல்லை. பாட்டில் குறை சொல்ல மாட்டேன். எடுத்த விதத்தில்தான் குறை என்பது என் கட்சி.

எப்படி எடுக்கிறார்கள்? ட்ரம்மர் லாஸ்பேட்டை வீட்டில் லேப்டாப்பில் ப்ரோகிராம் செய்கிறார். (ட்ரம்மர் இருந்தும் ட்ரம்ஸ் வாசிக்காத ராக் ஆல்பம். என்னத்தைச் சொல்ல.) பேஸ்காரர் அரியாங்குப்பத்தில் தன் பங்கை வாசித்து அனுப்புகிறார். கிட்டாரிஸ்ட் பெங்களூரில் ஆபீஸ் முடித்து, சாப்பிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் தூங்கிய பிறகு வாசித்து டிரைவில் போடுகிறார். கடைசியில் பாடகர் வந்து எல்லாவற்றுக்கும் மேலே பாடிவிட்டுப் போகிறார். எல்லோர் காதிலும் ஓடியது, வேகம் மாறாமல் இருக்க டிக் டிக் என்று அடிக்கும் க்ளிக் ட்ராக் ஒன்றுதான்.

க்ளிக்கின் மேல் எனக்கு விரோதம் கிடையாது. ஆனால் தமிழில் பாடும்போது அது ஒரு கட்டை போட்டுவிடுகிறது. வரியின் கடைசிச் சொல்லை இழுத்து நிறுத்திவிட்டு அடுத்த வரியை எடுப்பது நம் பாடகர்களுக்குத் தானாக வரும் பழக்கம். மேடையில் பாடகர் அப்படி இழுத்தால் ட்ரம்மர் அவர் முகத்தைப் பார்த்து அரை நொடி தாமதித்து ஸ்நேர் என்னும் சின்ன ட்ரம்மில் ஒரு அடி வைப்பார். கூட்டம் கத்துவது அந்த அடிக்குத்தான். பல்லவி மூன்றாவது முறை வரும்போது வேகம் ஒரு துளி ஏறுவதும் அப்படித்தான், யாரும் திட்டம் போட்டுச் செய்வதில்லை. நாகஸ்வரக்காரரும் தவில்காரரும் ஒருவரையொருவர் பார்க்காமல் வாசித்து எங்காவது கேட்டிருக்கிறீர்களா?

இந்த இடத்தில் ஒரு தம்பி, "அண்ணா, ரஹ்மானும் தனித்தனியாகத்தானே எடுக்கிறார்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. 1980கள் வரை சென்னையில் சினிமாப் பாட்டு என்றால் பெரிய வாத்தியக் குழுவும் பாடகரும் ஒரே நேரத்தில் உட்காருவார்கள். கடைசிச் சரணத்தில் ஒரு வயலின் தப்பினால் முழுப் பாட்டும் முதலிலிருந்து. அதை மாற்றி ஒவ்வொரு வாத்தியமாக, ஒவ்வொரு குரலாக வீட்டு ஸ்டுடியோவில் அடுக்கிக் காட்டியவர்களில் ரஹ்மான் முக்கியமானவர், மறுக்கவில்லை. ஆனால் அங்கே எல்லாத் துண்டுகளையும் சேர்த்துப் பார்க்கும் தலை ஒன்றுதான். பாடகர் என்றைக்குப் பாடினாலும், புல்லாங்குழல் எந்த ஊரில் வாசிக்கப்பட்டாலும், முழுப் பாட்டு அவர் மனசில் ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் பேண்டில் நாலு தலை. பாட்டு அந்த நாலு பேருக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. சினிமா இசையமைப்பாளரின் வேலை முறையை அப்படியே எடுத்து ஒரு பேண்டுக்கு மாட்டினால், லேப்டாப் யார் கையில் இருக்கிறதோ அவர் இசையமைப்பாளர் ஆகிவிடுகிறார், மற்ற மூவரும் கூலிக்கு வாசிப்பவர்கள் ஆகிவிடுகிறார்கள். இத்தனைக்கும் அந்த ரஹ்மானே இளவயதில் சென்னையில் சிவமணி போன்றவர்களோடு பேண்டில் நின்று கீபோர்டு வாசித்து வந்தவர்.

இங்கிலாந்தின் பீட்டில்ஸ் பேண்ட் கதை எல்லோருக்கும் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். 1963 பிப்ரவரி 11 அன்று லண்டன் இ.எம்.ஐ. ஸ்டுடியோவில் ஒரே நாளில் பத்துப் பாட்டு எடுத்தார்கள். முதல் ஆல்பத்தில் மொத்தம் 14 பாட்டு, மீதி நாலும் ஏற்கெனவே சிங்கிளாக வந்தவை. இருந்தது இரண்டே ட்ராக் மெஷின், அதாவது ஒலியை இரண்டு தனிப் பங்காக மட்டும் பிடிக்கும் டேப் மெஷின். பாடகர் ஜான் லெனனுக்கு அன்று ஜலதோஷம் வேறு. தொண்டையைக் கிழிக்கும் பாட்டைக் கடைசிக்கு வைத்து, சட்டென்று அடித்து முடித்தார்கள். இதை மாயம் என்று நினைக்காதீர்கள். அதற்கு முன் ஜெர்மனியின் ஹாம்பர்க் கிளப்புகளில் ராத்திரி ராத்திரியாக, மணிக்கணக்கில் சேர்ந்து வாசித்த பழக்கம் அது. 1967இல் அவர்களே நாலு ட்ராக் மெஷினை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி ஆல்பம் செய்தார்கள், அதுவும் அபாரம். ஆனால் அடுத்தவன் எந்த இடத்தில் மூச்சு விடுவான் என்பது வரை தெரிந்த பிறகு செய்த வேலை அது. நீங்கள் முதல் ஆல்பத்திலேயே 1967க்குத் தாவுகிறீர்கள்.

நம் நாட்டிலேயே டெல்லி பேண்ட் இண்டியன் ஓஷன் 1997இல் ஒரு ஆல்பம் வெளியிட்டது, மேடையில் வாசித்ததை அப்படியே பதிவு செய்தது. அந்த அளவுக்குப் போகச் சொல்லவில்லை. நான் கேட்பது அடித்தளம் மட்டும்: ட்ரம்ஸ், பேஸ், கிட்டார், வழிகாட்ட ஒரு குரல். இவற்றைச் சேர்ந்து எடுங்கள். சோலோ, கோரஸ், கடைசிக் குரல் எல்லாம் அப்புறம் நிதானமாகச் சேர்க்கலாம்.

"மைக்குக்குள் மைக் ஒழுகுமே, ஒரு வாத்தியத்தின் சத்தம் இன்னொன்றின் மைக்கில் விழுமே" என்பீர்கள். ஒழுகும்தான். அதற்கு வழியும் இருக்கிறது. ட்ரம்ஸ் பெரிய ஹாலில். கிட்டார் ஆம்பை (அதன் ஸ்பீக்கர் பெட்டியை) பக்கத்து அறையில், இல்லை பாத்ரூமில் வைத்துக் கதவைச் சாத்துங்கள், கிட்டாரிஸ்ட் மட்டும் ஹாலில் நிற்கட்டும். பேஸுக்கு ஆம்பே வேண்டாம், கிட்டார் ஒயரை நேரடியாகப் பதிவுக் கருவியில் சேர்க்கும் டி.ஐ. பாக்ஸ் வழியாக நேரே உள்ளே. மைக்குகளை லேப்டாப்பில் சேர்க்க எட்டு இன்புட் உள்ள இன்டர்ஃபேஸ் போதும்: கிக் (காலால் அடிக்கும் பெரிய ட்ரம்), ஸ்நேர், தலைக்கு மேலே இரண்டு மைக், பேஸ், இரண்டு கிட்டார், ஒரு குரல். குரலுக்கு, மேடையில் கையில் பிடித்துப் பாடுவது போன்ற டைனமிக் மைக் வையுங்கள், அதன் முதுகு ட்ரம்ஸ் பக்கம் இருக்கட்டும். சிம்பல் கொஞ்சம் விழுந்தால் விழட்டும், அது அந்த அறையின் சத்தம். ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லி நொடி ஆகும். அதனால் தூரத்து மைக்கில் விழும் ஸ்நேர் கொஞ்சம் பிந்தி வந்து, கிட்டத்து மைக் சத்தத்தோடு மோதி அதைச் சன்னமாக்கும். மைக்கைக் கொஞ்சம் நகர்த்தி நகர்த்திக் கேட்டால் சரியான இடம் பிடிபடும்.

தயவுசெய்து சுவரில் முட்டை அட்டை ஒட்டாதீர்கள். அது வெளிச் சத்தத்தைத் தடுக்காது, பல்லிக்கு வீடாகும். பழைய மெத்தை, கனமான போர்வை, கதவைத் திறந்து வைத்த துணி பீரோ, இவை எவ்வளவோ மேல்.

நம் ஊரில் இதற்கு வசதியும் உண்டு. சுண்ணாம்புச் சுவரும் உயர்ந்த மரக்கட்டை மாடியுமாகப் பழைய வீடுகள் இன்னும் மிச்சம் இருக்கின்றன. அப்படி ஒரு கூடத்தில் ட்ரம்ஸ் ஒரு அடி அடித்துப் பாருங்கள், எதிரொலி சேர்க்கும் எந்த ப்ளக்-இன் மென்பொருளும் தேவைப்படாது. ஆனால் நாள் பார்த்து வையுங்கள். ஆடி மாதம் வேண்டவே வேண்டாம். தெருமுனைக் கோயிலில் கூழ் ஊற்றும்போது குழாய் ஸ்பீக்கரில் அம்மன் பாட்டு ஓடினால் உங்கள் கிக் மைக்கிலேயே கேட்கும். சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும் வைத்திக்குப்பம் கடற்கரைப் பக்கம் வீடு என்றால் மாசி மகத்தையும் தவிர்த்துவிடுங்கள். கடல் காற்றுக்குக் கிட்டார் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், பதிவுக்கு முந்தின நாள் புதுக் கம்பி மாட்டி நன்றாக இழுத்து விடுங்கள்.

ஒரே அறையில் நின்றால் சண்டை வருமே என்றால், வரும். 1969 ஜனவரியில் பீட்டில்ஸ் கேமராக்களுக்கு நடுவில் சேர்ந்து வாசிக்க உட்கார்ந்தபோது, 10ஆம் தேதி கிட்டாரிஸ்ட் ஜார்ஜ் ஹாரிசன் எழுந்து போயே விட்டார். பிறகு சமாதானமாகித் திரும்பினார். வெளியாள் பில்லி பிரெஸ்டன் வந்து எலெக்ட்ரிக் பியானோவில் உட்கார்ந்ததும் எல்லோரும் ஒழுங்காக வாசிக்க ஆரம்பித்தார்கள். அந்த மாதம் 30ஆம் தேதி மொட்டை மாடியில் ஏறி வாசித்தது உலகத்துக்கே தெரியும். விருந்தாளி வந்தால் நம் வீட்டிலும் குரல் தாழும் இல்லையா. உங்கள் சண்டையெல்லாம் இப்போது வாட்ஸ்அப் குழுவில் நடக்கிறது. "பேஸ் கொஞ்சம் குறைக்கலாமே" என்று ஒரு செய்தி, நீல டிக், பதில் இல்லை, ஒரு வாரம் போகிறது. அறையில் என்றால் அந்தப் பேச்சு இரண்டு நிமிஷத்தில் முடிந்து அடுத்த டேக் போயிருக்கும்.

செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மிக்ஸிங்குக்கும் மாஸ்டரிங்குக்கும் கொட்டும் பணத்தில் ஒரு பகுதியை ஒத்திகைக்கு ஒதுக்குங்கள். வீட்டு மாடியிலோ பள்ளிக்கூட ஹாலிலோ பாட்டுகளை மனப்பாடமாக வாசித்துவிட்டுப் பிறகு மைக் வாடகைக்கு எடுங்கள். கிட்டாரிஸ்ட் பெங்களூரில் இருக்கிறாரே என்றால், வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறட்டும். விடியற்காலை பாண்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கிவிடலாம், யாராவது ஒருவர் பைக்கில் போய்க் கூட்டி வாருங்கள்.