மணலிக் காற்றும் சிகரெட் பஞ்சும்: அந்த வாட்ஸ்அப் தகவல் உண்மையா?

வடசென்னையில் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது: "மணலி, எண்ணூர் புகையைத் தினமும் சுவாசிக்கிற நமக்கு சிகரெட் புதிதாக ஒன்றும் செய்யாது. ஃபில்டர் இருந்தால் விஷம் பஞ்சிலேயே தங்கிவிடும்." இரண்டுமே தவறு.

பஞ்சு பழுப்பாவதைப் பார்த்துத்தான் பலர் நம்பிவிடுகிறார்கள். அதில் கொஞ்சம் தார், அதாவது புகையின் பிசுபிசுப்பான படிவு, ஒட்டுவது உண்மைதான். ஆனால் கார்பன் மோனாக்சைடு ஒரு வாயு; பஞ்சு அதைத் தடுக்காது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். பல சிகரெட்டுகளில் ஃபில்டரைச் சுற்றி ஊசிமுனை அளவுக்குத் துளைகள் இருக்கும். சோதனை இயந்திரத்தில் அவற்றின் வழியே காற்று கலந்து, நச்சு குறைவாகக் காட்டும். டீக்கடை வாசலில் நிற்பவரோ அதே துளைகளை விரலாலும் உதட்டாலும் அடைத்துக்கொண்டு ஆழமாக இழுப்பார். கணக்கு அங்கேயே அடிபட்டுப்போகிறது.

அப்புறம் மணலிக் காற்று. கெட்டதுதான், அதற்கு ஆலைகள் பதில் சொல்லட்டும். சிகரெட் அதன்மேல் ஏறும் கூடுதல் சுமை. அந்தப் புகையில் 7,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள். பென்சீன், ஃபார்மால்டிஹைடு உட்பட சுமார் 70 புற்றுநோயை உண்டாக்குபவை. அதே புகையிலுள்ள அக்ரோலின் என்ற வேதிப்பொருள், மூச்சுக்குழாயில் தூசியை வெளியே தள்ளும் நுண்ணிழைகளையே முடக்கிவிடும். தூசி நிறைந்த ஊரில்தானே அவை அதிகம் தேவை?

பீடியிலும் இதே கதைதான், இலையில் சுற்றியது என்பதால் விஷம் குறையாது. விட நினைப்பவர்களுக்குத் தேசிய இலவச உதவி எண் 1800-112-356.