அரசுப் பல்கலைக்கழகம்தானே என்று சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள்

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் நியூ ஜெர்சி தமிழ் வாட்சப் குழுக்களில் இந்த மாதிரி ஒரு செய்தி வந்துவிடும்: "ஜி.பி.ஏ. 4.0, எஸ்.ஏ.டி. 1540, பதினோரு ஏ.பி., பரதநாட்டிய அரங்கேற்றம் முடிஞ்சாச்சு. சேப்பல் ஹில் கிடைக்குமா?" (ஜி.பி.ஏ. என்பது பள்ளி மதிப்பெண்களின் சராசரி, எஸ்.ஏ.டி. கல்லூரி நுழைவுக்கான பொதுத் தேர்வு, ஏ.பி. பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடங்கள்.) கீழே வரிசையாக "கண்டிப்பா கிடைக்கும் மேடம்", கூடவே கைகூப்பும் படங்கள். இன்னொருவர் வந்து, "பப்ளிக் யுனிவர்சிட்டிதானே, சேஃப்டியா போட்டு வைங்க" என்பார், அதாவது எப்படியும் கிடைத்துவிடும் கல்லூரியாக. எனக்குப் பற்றிக்கொண்டு வருவது அந்தக் கடைசி வரியைப் பார்த்துத்தான்.

சேப்பல் ஹில் வட கரோலினா மாநிலத்தின் பல்கலைக்கழகம். முதலாண்டில் வெளிமாநிலத்தவர் 18 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று 1986-இல் விதி வைத்தார்கள். ஓர் ஆண்டில் புதிதாகச் சேர்பவர்கள் சுமார் 4,600 பேர் என்று வைத்துக்கொண்டால், வெளியாட்களுக்கு எண்ணூற்றுச் சொச்சம் இடம். மிச்சமுள்ள 49 மாநிலங்கள், வெளிநாட்டு மாணவர்கள், கூடைப்பந்துக்கும் கால்பந்துக்கும் என்று தேடிப்பிடித்துக் கொண்டுவரும் வெளிமாநிலப் பிள்ளைகள் எல்லாரும் அந்த எண்ணூற்றுக்குள்தான். அழைப்பு கிடைத்தும் வேறு கல்லூரிக்குப் போகிறவர்கள் நிறைய என்பதால், சேரும் எண்ணிக்கையைவிட அதிகமாகவே அழைப்பு அனுப்புகிறார்கள். அப்படியும் சமீப ஆண்டுகளில் உள்மாநிலத்தவருக்கு ஏறத்தாழ 40 சதவீதம் கிடைக்கிறது, வெளிமாநிலத்தவருக்குப் பத்து சதவீதத்தை ஒட்டித்தான். இரண்டையும் சேர்த்துப் போட்ட சராசரியைக் கூகுளில் பார்த்துவிட்டு நாம் கணக்குப் போடுகிறோம். அந்தச் சராசரி வட கரோலினா பிள்ளைக்கும் பொருந்தாது, நம் பிள்ளைக்கும் பொருந்தாது.

"இது அநியாயம், மார்க் இருந்தும் சீட் இல்லையா?" என்று கேட்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரிகளில் எம்.பி.பி.எஸ். இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகிறது, 85 சதவீதம் நம் மாநிலப் பிள்ளைகளுக்கு. அதில் யாராவது கை வைத்தால் சும்மா இருப்போமா? நம் வரிப்பணத்தில் கட்டிய கல்லூரி, நம் பிள்ளைகளுக்குத்தான் முதலில் என்போம். அதையே வட கரோலினாக்காரர் சொன்னால் மட்டும் நமக்கு ஏன் கசக்கிறது? எனக்கு அந்த விதி நியாயமாகத்தான் படுகிறது.

எல்லா மாநிலமும் ஒரே மாதிரி இல்லை. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 90 சதவீத இடம் டெக்சாஸ்காரர்களுக்கு, அதிலும் பெரும்பகுதி பள்ளியில் முன்வரிசை ரேங்க் எடுத்தவர்களுக்குச் சட்டப்படி தானாகவே போய்விடும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இப்படி வரம்பு இல்லை, இளநிலை மாணவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் வெளியிலிருந்து வந்தவர்கள். கலிஃபோர்னியாவின் யு.சி. என்ற அரசுப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணை அட்மிஷனுக்குப் பார்ப்பதே இல்லை. மூன்று வருடம் கோச்சிங் போய் வாங்கிய 1540 அவற்றில் ஒன்றான பெர்க்லியில் செல்லாக்காசு.

அட்மிஷனில் இனத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்ற 2023 அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு நம் பிள்ளைகளுக்குச் சுலபமாகிவிட்டது என்று சொல்பவர்களும் உண்டு. அந்த வழக்கில் ஹார்வர்டோடு நின்றது இதே சேப்பல் ஹில்தான். ஆனால் தீர்ப்பு இனத்தைப் பற்றியது. மாநில ஒதுக்கீட்டை அது தொடவே இல்லை.

அப்படியென்றால் எதைத்தான் பார்ப்பது? பிள்ளை படிக்கும் பள்ளியில் நேவியன்ஸ் (முன்பு விண்ணப்பித்த மாணவர்களுக்கு எந்தக் கல்லூரி கிடைத்தது, கிடைக்கவில்லை என்று காட்டும் இணையதளம்) இருந்தால் அதிலுள்ள புள்ளி வரைபடத்தைத் திறந்து பாருங்கள். ஒரு பக்கம் ஜி.பி.ஏ., ஒரு பக்கம் எஸ்.ஏ.டி., கிடைத்தவர்கள் பச்சை, கிடைக்காதவர்கள் சிவப்பு. அதில் இருப்பவர்கள் எல்லாம் உங்கள் பள்ளியிலிருந்து விண்ணப்பித்தவர்கள், அதாவது உங்களைப் போலவே வெளிமாநிலத்தவர்கள். இணையத்தில் கிடைக்கும் எந்தச் சராசரியையும்விட இது பக்கத்தில் வரும். வலதுபக்க மேல் மூலையில், 4.0-வும் 1550-ம் சந்திக்கும் இடத்தில் சிவப்பும் பச்சையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தால், மதிப்பெண் உள்ளே நுழைய மட்டும்தான் உதவியது, முடிவு வேறு எதிலோ நடந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். அந்தப் பச்சையில் ஒன்று நீச்சல் வீரராக இருக்கலாம், யார் என்று படம் சொல்லாது. அதைப் பள்ளியில் கல்லூரி ஆலோசனை சொல்லும் கவுன்சிலரிடம்தான் கேட்க வேண்டும்.

எந்தப் பாடம் என்பதும் படத்தில் தெரியாது. சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகம் மொத்தத்தில் வெளிமாநிலத்தவரைத் தாராளமாகவே எடுக்கிறது, ஆனால் கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்டால் வெளியிலிருந்து வருபவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்குக்கூடக் கிடைப்பதில்லை. நம் வீடுகளில் வேறு பாடம் யார் கேட்கிறார்கள், சொல்லுங்கள்!

இவ்வளவும் தாண்டிக் கிடைத்துவிட்டால் அடுத்து பணம். சேப்பல் ஹில்லும் வர்ஜீனியா பல்கலைக்கழகமும் வெளிமாநிலப் பிள்ளைக்கும் தேவைக்கேற்ற முழு உதவி தருவதாகச் சொல்கின்றன. ஆனால் அந்தத் தேவை எவ்வளவு என்பதை முடிவு செய்வது அவர்கள். இரண்டு பேரும் ஐ.டி.யில் சம்பாதிக்கும் வீட்டுக்கு அது பெரும்பாலும் பூஜ்யம். யு.சி.யில் வெளிமாநிலத்தவர் வழக்கமான கட்டணத்துக்கு மேல் தனியாக இன்னொரு கட்டணமும் கட்ட வேண்டும், அதுவே வருடத்துக்கு முப்பதாயிரம் டாலருக்கு மேல். ஒவ்வொரு கல்லூரி இணையதளத்திலும் செலவுக் கால்குலேட்டர் இருக்கிறது. ஏப்ரலில் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளையிடம் "நம்மால முடியாதும்மா" என்று சொல்வதற்குப் பதில், அதைச் செப்டம்பரிலேயே தட்டிப் பார்த்துவிட்டு, பட்டியலில் நம் நியூ ஜெர்சி அரசுப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸை எங்கே வைப்பது என்று பேசுங்கள்.