மாத்திரையைக் குப்பையில் போடச் சொன்ன ஐயாவுக்கு

அந்தக் காணொளியை நேற்றிலிருந்து ஏழு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். டிப்ரஷன் மாத்திரை எல்லாம் போதையாம், குப்பையில் போட்டுவிட்டு வெறுங்காலில் புல்லில் நடக்க வேண்டுமாம். சரி, நடக்கட்டும். புல்லோடு எனக்கு ஒரு தகராறும் இல்லை. ஆனால் கீழே ஒரு பெண், "இன்றோடு நிறுத்திவிட்டேன் ஐயா" என்று எழுதியிருக்கிறார். ஐயா அதற்குக் கைகூப்பும் படம் போட்டிருக்கிறார். அங்கேதான் வயிறு எரிந்தது.

இந்த மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தக் கூடாது.

எனக்குத் தெரியும், நான் நிறுத்தியிருக்கிறேன். அப்பா போன பிறகு எஸ்சிடலோபிராம் 10 மி.கி. எடுத்துக்கொண்டிருந்தேன். நன்றாகத் தேறியும் வந்தேன். ஒரு காதுகுத்து வீட்டில் சித்தப்பா, "உனக்கென்னம்மா, பைத்தியமா?" என்று கேட்டார். மறுநாளே விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் பஸ் போர்டைப் படிக்கக் கண்ணைத் திருப்பினால், தலைக்குள் கரண்ட் தொட்ட மாதிரி சுரீர் என்றது. திருப்பும்போதெல்லாம் சுரீர். தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டாக்டர் திட்டவில்லை. காலண்டர் தாளின் பின்பக்கம், எத்தனை வாரம் முழுசு, எத்தனை வாரம் அரை என்று எழுதிக் கொடுத்தார். பராக்ஸெடின், வென்லாஃபாக்ஸின் மாதிரி வேறு டிப்ரஷன் மாத்திரைகள் என்றால் இன்னும் படுத்துமாம். ஃப்ளூவாக்ஸெடின் உடம்பில் வாரக்கணக்கில் தங்குவதால் அவ்வளவு தெரியாதாம்.

"பார், விட முடியவில்லை, அப்போ போதைதானே?" என்று வருவீர்கள். போதை என்றால் இன்னும் வேண்டும் என்று மனசு அலைய வேண்டும். நான் அதைப் போடவே பல நாள் மறந்திருக்கிறேன். பழக்கமாகிவிடுவது பதற்றத்துக்குத் தரும் அல்பிரஸோலம் மாதிரியான மாத்திரைகள். இரண்டையும் ஒரே பையில் போட்டுக் குலுக்காதீர்கள்.

"பக்கவிளைவு?" உண்டு. முதல் இரண்டு வாரம் குமட்டல், தூக்கக் கேடு. தாம்பத்திய ஆசை குறையலாம், பலர் வெட்கப்பட்டு டாக்டரிடம் சொல்வதில்லை. வயசானவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் என்ற உப்பு இறங்கலாம். இளவயதினருக்கு ஆரம்பத்தில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்காவில் 2004இலேயே மருந்துக் குறிப்பில் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரித்தார்கள், 2007இல் அதை 24 வயது வரை நீட்டினார்கள். அதனால்தான் கூட இருந்து பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். குப்பையில் போடச் சொல்லவில்லை.

"மூளையில் செரோடோனின் என்ற ரசாயனம் குறைவதால்தான் டிப்ரஷன் என்ற கதையே பொய்யாமே?" அந்தக் குறைபாட்டுக்குச் சரியான ஆதாரம் இல்லை என்று 2022இல் ஒரு கட்டுரை வந்தது, உண்மைதான். மாத்திரை வேலை செய்கிறதா என்பதை அது ஆராயவில்லை. அதை ஆராய்ந்தது லான்செட் என்ற மருத்துவ இதழில் 2018இல் வந்த கட்டுரை: 522 பரிசோதனைகள், 21 மருந்துகள், எல்லாமே மருந்தில்லாத வெற்று மாத்திரையை விட மேல். மலையளவு வித்தியாசம் இல்லை, மிதமானதுதான். எனக்கு அந்த மிதம் போதுமாக இருந்தது. எழுந்து பல் தேய்க்க முடிந்தது.

கார்ப்பரேட் சதி என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, சமையல் வேலை இருக்கிறது.

அந்தப் பெண் இதைப் படித்தால்: அம்மா, முதலில் உங்கள் டாக்டரைக் கூப்பிடுங்கள். கிடைக்காவிட்டால் அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, காசில்லை.

மாமியாரின் தைராய்டு மாத்திரை எங்கள் வீட்டில் டிவி பக்கத்திலேயே இருக்கும். என் அட்டை உளுந்து டப்பாவுக்குள் இருந்தது. ஒன்றரை வருஷம், கை வெள்ளையாக எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டேன்.

அந்த ஏழு பேரில் ஒருவர் சித்தப்பா. "நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்று சேர்த்து அனுப்பியிருக்கிறார். நீல டிக் விழுந்துவிட்டது, இன்னும் பதில் போடவில்லை.